கையால் சாயமிட்ட மெரினோ நூல்: மதுரையில் ஐந்தாண்டு பின்னிப் பார்த்த பிறகு

மதுரையில் உட்கார்ந்துகொண்டு கம்பளி நூலுக்கு மதிப்பீடு எழுதுவது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். இங்கே ஸ்வெட்டர் என்றால் கொடைக்கானலுக்கு இரண்டு நாள் போகிறவர்கள் பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுக்கும் பொருள். காலுறை என்றால் பள்ளிச் சீருடை. இருந்தாலும், வீட்டிலேயே சிறு அளவில் சாயம் தோய்த்து அஞ்சலில் அனுப்பும் ஒருவரிடம் 2020 பிப்ரவரியில் தொடங்கி இன்றுவரை பதினான்கு சிட்டம் (வளையமாகச் சுற்றி முறுக்கிய நூல் கட்டு) வாங்கி, ஆறு ஜோடிக் காலுறைகளும் ஒரு ஸ்வெட்டரும் பின்னி முடித்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றை ஐந்தாண்டுகளாகத் துவைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், நூல் கையில் வந்த அன்று எழுதும் புகழுரையைவிட இது கொஞ்சம் பயன்படும் என்று நினைக்கிறேன். குறைகளும் சொல்லப்போவதால் விற்பவரின் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிச் சாயமிடும் பலரிடமும் நூலின் வகையும் அதன் குணமும் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலில் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். காலுறை நூல் 75 விழுக்காடு மெரினோ என்ற செம்மறி இனத்தின் மென்மையான கம்பளியும் 25 விழுக்காடு நைலானும் கலந்தது. நூறு கிராம் கொண்ட ஒரு சிட்டத்தில் 400 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நூல் இருக்கும். பெரியவர் ஒருவருக்கு ஒரு ஜோடி பின்ன அது தாராளமாகப் போதும். நான் கொடுத்த விலை சிட்டத்துக்கு 1,650 ரூபாய். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு நூறு கிராம் அக்ரிலிக் நூல் கிடைக்கும் ஊரில் இது அதிகம்தான், அதை மழுப்ப விரும்பவில்லை. நூல் பந்தாக வராது. கதர்க்கடைகளில் பார்த்திருப்போமே, அந்தச் சிட்ட வடிவத்தில், மூன்று நான்கு இடங்களில் கட்டுப் போட்டு, முறுக்கி மடித்து வரும். கட்டுகளை அவிழ்த்துப் பந்தாகச் சுற்றிக்கொள்ளாமல் அப்படியே பின்னத் தொடங்கினால் அரை மணி நேரத்தில் சிக்கு விழும், பிறகு அந்த வாரம் முழுவதும் சிக்கெடுப்பதுதான் வேலை.

என் முதல் மூன்று சிட்டங்கள் வந்து சேர்ந்த சில வாரங்களில், மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கொரோனாவால் தமிழகத்தில் நேர்ந்த முதல் மரணம் அதே நாளில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில்தான் என்பதால், எங்கள் தெருவில் அச்சம் மற்ற ஊர்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. டப்ளினில் செவிலியராக வேலை பார்க்கும் என் மகள் அப்போது நோயாளிகளோடு இருந்தாள். நாங்கள் இருவரும் இங்கே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். ராட்டை ஏதும் இல்லாததால், என் கணவர் இரண்டு கைகளையும் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார, மாலையில் அன்றைய எண்ணிக்கையைத் தொலைக்காட்சியில் வாசிக்கும் நேரத்தில் நான் எதிரே அமர்ந்து பந்து சுற்றினேன். நாற்பது நிமிடம் அவரால் எழுந்து போய்ச் செய்தியை மாற்றவோ, கைப்பேசியை எடுக்கவோ முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே ராட்டை வாங்குவதை நான் ஓராண்டு தள்ளிப்போட்டேன்.

கையால் சாயமிட்ட நூலுக்கும் ஆலை நூலுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு பின்னும்போதுதான் தெரிகிறது. ஆலையில் சாயமேறிய நூல் முதல் மீட்டரும் கடைசி மீட்டரும் ஒரே நிறமாக இருக்கும். நல்ல நூல், குறை சொல்ல எதுவும் இல்லை, ஆனால் பத்து சுற்றுக்குப் பிறகு கை தானாக ஓடும், மனம் வேறெங்கோ போய்விடும். அந்த மாதங்களில் மனம் போன இடம் நல்ல இடமாக இல்லை. கையால் ஊற்றிய சாயமோ ஓரிடத்தில் தேங்கும், ஓரிடத்தில் வெளிறும், நீலம் பச்சையைத் தொடும் இடத்தில் யாரும் திட்டமிடாத ஒரு மூன்றாம் நிறம் இரண்டு விரற்கடை நீளத்துக்கு வந்து போகும். அடுத்து என்ன வரும் என்று பார்ப்பதற்காகவே இன்னும் ஒரு சுற்று பின்னத் தோன்றும். காலுறைக்கு நான் 2.25 மி.மீ. ஊசியில் 64 கண்ணி, அதாவது பின்னல் வளையம், ஏற்றுகிறேன். ஒரு காலுறைக்கு ஏறத்தாழ 12,000 கண்ணிகள் என்பது என் கணக்கு. அத்தனை கண்ணிகளும் கண்ணைப் பிடித்து வைத்திருந்தன என்பதுதான் இந்த நூலைப் பற்றி நான் சொல்லக்கூடிய முதன்மையான பாராட்டு.

மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டிலிருந்தே பார்த்து, வீட்டிலேயே மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டபோது, மடியில் முதல் காலுறையின் குதிகால் இருந்தது. குதிகால் பகுதியில் ஒரு கண்ணியைப் பின்னாமல் நகர்த்தி அடுத்ததைப் பின்னுவது வழக்கம். அப்படிச் செய்தால் நூல் இரட்டித்தாற்போல் தடித்து, தேய்மானத்தைத் தாங்கும். அந்த ஜோடி இன்றும் உயிரோடு இருக்கிறது. அதே ஆண்டு, தொட்டால் வெண்ணெய் போல இருக்கிறதே என்ற மயக்கத்தில், நைலான் கலக்காத முழு மெரினோ சிட்டம் ஒன்றையும் வாங்கினேன். அந்த ஜோடியில் ஓராண்டு முடிவதற்குள் இரண்டு குதிகால்களிலும் ஓட்டை விழுந்தது. மென்மைக்கு மயங்குகிறவர்கள் அதைக் கழுத்துத் துண்டுக்கு வைத்துக்கொள்ளட்டும். பாதத்துக்கு நைலான் கட்டாயம் வேண்டும்.

கால்விரல் நுனியை மூடும் தையலுக்குக் கிச்சனர் தையல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த கிச்சனர் பிரபுவின் பெயரால் அது வழங்குகிறது. அதற்கு முன் 1902 முதல் 1909 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவர். பதுங்குகுழிகளில் நின்ற வீரர்களுக்காக அக்காலத்தில் வீடு வீடாகக் காலுறை பின்னினார்கள். நுனியில் தழும்பு போல மேடு நின்றால் ஈரக்காலில் புண்ணாகும் என்பதால், மடிப்புத் தெரியாத இந்தத் தையல் பெரிதும் விரும்பப்பட்டது. நானோ, பின்னி முடித்ததை அனுப்ப வழியில்லாமல், அயர்லாந்துக்கு அஞ்சல் போகாது என்று சொல்லித் திருப்பியனுப்பப்பட்டு, ஜூன் 24 முதல் மதுரையில் மீண்டும் கடுமையான ஊரடங்கு வந்தபோது மூன்று ஜோடிகளை பீரோவில் அடுக்கி வைத்திருந்தேன். கம்பளிக்குப் பூச்சி வரும் என்பதை இங்கே வாங்குகிறவர்கள் மறந்துவிடக் கூடாது. துணிப்பையில் கட்டி, காய்ந்த வேப்பிலையும் இரண்டு துண்டு வசம்பும் போட்டு வைத்தேன், அரிக்கவில்லை.

இனி குறைகள். மூன்றாவதாக வாங்கிய குங்குமச் சிவப்புச் சிட்டத்தைப் பின்னும்போதே என் விரல்கள் சிவந்தன. துவைத்தபோது வாளி நீர் பீட்ரூட் வேகவைத்தது போல் ஆனது, இரண்டாம் நீரும் மூன்றாம் நீரும் அப்படியே. எங்கள் எதிர்வீட்டு அக்கா சௌராஷ்டிரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் மாமியார் காலம்வரை சுங்குடிக்கு முடிச்சுப் போட்ட வீடு. மாடிக் கொடியிலிருந்து சிவப்பு நீர் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், சாயம் நூலுக்குள்ள இறங்கல, மேலாக்க ஒட்டிக்கிட்டு இருக்கு. இன்னொரு கொதி காட்டியிருக்கணும்" என்றார். பருத்திக்கும் கம்பளிக்கும் சாயம் வேறு, முறை வேறு. கம்பளி தலைமுடியைப் போல புரத இழை என்பதால், அதற்கான சாயம் பிடிப்பதற்குப் புளிப்பும் சூடும் ஒருசேர வேண்டும். ஆனாலும் அவர் கண்டுசொன்னது சரிதான். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பழைய அலுமினியப் பாத்திரத்தில் காலுறைகள் முங்கும் அளவுக்கு நீரும் அரைக் கோப்பை வினிகரும் விட்டு, கொதி வராமல் ஆவி மட்டும் பறக்கும் சூட்டில் அரை மணி நேரம் வைத்து, அந்த நீரிலேயே ஆறவிட்டேன். அதன்பின் சாயம் போகவில்லை. 1,650 ரூபாய் வாங்குகிறவர் செய்திருக்க வேண்டிய வேலை அது என்பதில் எனக்கு ஐயமில்லை. எழுதிக் கேட்டதற்கு, அடர்சிவப்பு எப்போதும் கொஞ்சம் போகும் என்று பதில் வந்தது.

ஸ்வெட்டர் கதை இன்னும் நீளம். செப்டம்பரில் மகளுக்கு ஸ்வெட்டர் பின்ன முடிவு செய்து, இதைவிடச் சற்றுத் தடித்த நூலில் மூன்று சிட்டமும், போதாது என்று தெரிந்து மறுமாதம் இரண்டு சிட்டமும் வாங்கினேன். பட்டியலில் ஒரே நிறப்பெயர். வந்ததோ, முதல் மூன்றும் கத்தரிப்பூ நிறம், பிந்திய இரண்டும் கத்தரிக்காய் நிறம். ஒவ்வொரு பாத்திரத்திலும் சில சிட்டங்கள்தான் தோயும், அடுத்த பாத்திரம் வேறு நாள், வேறு நீர், வேறு கை. ஆகவே ஒரே பெயருக்குள் இரண்டு நிறம் வருவது தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் வாங்கும் இடத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம். அதைவிடப் பெரிய சிக்கல் நெஞ்சுப்பகுதியில் வந்தது. 64 கண்ணியுள்ள சிறிய வட்டத்தில் அழகாகச் சுழன்று ஏறிய அதே வகைச் சாயம், ஸ்வெட்டரின் அகலத்தில் ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் விழுந்து, நடு மார்பில் தேமல் படர்ந்தாற்போல் நின்றது. என் கணவர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் பார்த்தார். அவிழ்த்துவிட்டு, இரண்டு சிட்டங்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு வரிசைக்கு ஒருமுறை நூலை மாற்றி மாற்றிப் பின்னினேன். தேமலும் மறைந்தது, கத்தரிப்பூவும் கத்தரிக்காயும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்தன. பெரிய உடுப்பு பின்னுகிறவர்கள் முதல் வரிசையிலிருந்தே இப்படிச் செய்துகொள்வது நல்லது.

பின்னி முடித்து நனைத்தபோது ஸ்வெட்டர் இரண்டு அங்குலம் நீண்டது. இதற்கு விற்றவரைக் குறைகூற மாட்டேன். துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய மெரினோவில் இழையின் மேலுள்ள செதில்களை நீக்கியோ மூடியோ விடுகிறார்கள்; ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கச் செதில் இல்லாததால், நனைந்தால் பின்னல் தளர்ந்து இறங்கும். மாதிரிச் சதுரம் பின்னி, அதைத் துவைத்து உலர்த்தி, பிறகு அளந்திருக்க வேண்டும். நான் துவைக்காமல் அளந்தேன். நல்லவேளையாக மகளுக்கு உயரம் அதிகம்.

இந்த ஊர் வெயிலில் பின்னுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மடியில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்வது, மின்விசிறிக்கு அடியில்கூட, தண்டனைதான். காலுறை மடியைத் தொடாது, விரல்களிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வேர்த்த கைக்கு மூங்கில் ஊசியில் நூல் ஒட்டிக்கொள்கிறது, எஃகு ஊசியில் வழுக்கி ஓடுகிறது. காலுறைக்கு வேண்டிய மெல்லிய வட்ட ஊசிகளை நான் வெளியூரிலிருந்து வரவழைத்தேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரில் அலசினால் நூல் சொரசொரப்பாகிறது என்பதால் கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் எடுக்கிறேன்.

அனுப்பும் முறையில் குறையில்லை. ஒருமுறை சிட்டம் 94 கிராமே இருந்தது. மளிகைக்கடைத் தராசில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன், மறுப்பேதும் சொல்லாமல் அதே நிறத்தில் சிறு சிட்டம் ஒன்று தனியே வந்தது. அந்தத் துண்டு நூல் பின்னால் உதவியது. முதல் ஜோடியில் இடதுகால் பெருவிரல் பக்கம் தேய்ந்துவிட்டதாக மகள் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது காட்டினாள். அவள் தூக்கி எறிந்திருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நூலை வைத்து இழையோட்டி அடைத்துக் கொடுத்தேன்.

ஆக, காலுறைக்கு இந்த நூலை ஐந்துக்கு நான்கு என்று மதிப்பிடுவேன், அடர்நிறங்களுக்கு மூன்றரை. ஸ்வெட்டருக்கு, தேவையான எல்லாச் சிட்டங்களையும் ஒரே தோய்ப்பில் கேட்டு வாங்க முடிந்தால் மட்டும் பரிந்துரைப்பேன். இல்லையென்றால் ஒரே நிற ஆலை நூலே மேல். கணவருக்கு ஒரு கைவைத்த ஸ்வெட்டர் என்று நாலாண்டாகப் பேச்சிலேயே இருக்கிறது. போன வாரம் ஆறு சிட்டம் வேப்பம்பழ மஞ்சளில், எல்லாம் ஒரே பாத்திரத்தில் தோய்த்துத் தர முடியுமா என்று எழுதிக் கேட்டேன். அத்தனை பெரிய பாத்திரம் இல்லை, மூன்று மூன்றாகத்தான் முடியும், நான்கு வாரம் ஆகும் என்று பதில் வந்திருக்கிறது.