யார் தடுத்தது? வீட்டு ஃபயர்வாலுக்கு பை-ஹோல், பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ்: ஓர் ஒப்பீடு

வீட்டு இணையத்துக்கு ஒரு ஃபயர்வால் போடலாம் என்று பேச்செடுத்தால், "எது அதிகமாகத் தடுக்கும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். விளம்பரம், மோசடித் தளம், பிள்ளைகள் பார்க்கக்கூடாதவை என்று பெரும்பாலானவற்றைத் தடுக்க இன்று எந்தக் கருவியாலும் முடியும். தடைப்பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, யாரும் எதிலும் ஏற்றிக்கொள்ளலாம். தடுக்கக்கூடாததைத் தடுத்துவிட்ட அன்றுதான் வித்தியாசம் தெரியும். அம்மாவின் வங்கிச் செயலி திறக்கவில்லை, மகளின் ஆன்லைன் வகுப்பு சுற்றிக்கொண்டே நிற்கிறது. எந்த விதி, எந்தப் பட்டியல் இதைச் செய்தது என்று சீக்கிரம் காட்டிக்கொடுப்பதுதான் வீட்டுக்கு ஏற்ற ஃபயர்வால். அந்த அளவுகோலை வைத்துத்தான் இந்த அலசல்.

போட்டியில் மூன்று. முதலாவது பை-ஹோல். லைன் கொடுத்த நிறுவனத்தின் ரவுட்டரை அப்படியே விட்டுவிட்டு, ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் டிஎன்எஸ் வேலையை (தளத்தின் பெயரைக் கேட்டு அதன் முகவரியைச் சொல்வது) மட்டும் எடுத்துக்கொள்வது. ஆட்கார்டு ஹோமும் இதே சாதிதான். இரண்டாவது, ரவுட்டர் இடத்திலேயே உட்காரும் முழு ஃபயர்வால் மென்பொருளான பிஎஃப்சென்ஸ், அதன்மேல் தடைப்பட்டியல்களை ஏற்றும் பிஎஃப்பிளாக்கர்என்ஜி (சுருக்கமாக பிஎஃப்பிளாக்கர்) என்ற தொகுப்பு. மூன்றாவது ஓபிஎன்சென்ஸ். இது 2015-இல் நெதர்லாந்தின் டெசிசோ நிறுவனம் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரித்தெடுத்தது. பின்னவை இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மீது நிற்பவை, இரண்டின் உள்ளேயும் ஓபன்பிஎஸ்டியில் பிறந்த பிஎஃப் என்ற அதே வடிகட்டிதான் ஓடுகிறது. பழைய ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருளைப் போடுவதும் நல்ல வழிதான். ஆனால் சிறிய நினைவகத்தில் பெரிய பட்டியல்களை ஏற்றினால் திணறிவிடும், அதனால் இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

முதலில்: பெயர் தடையா, முகவரித் தடையா?

எந்தக் கருவியாக இருந்தாலும் தடை இரண்டு இடங்களில் விழும். ஒன்று பெயரில்: தளத்தின் பெயரைக் கேட்கும்போதே பொய்யான பதில் வருகிறது. இன்னொன்று முகவரியில்: பெயர் சரியாகக் கிடைக்கிறது, அந்த ஐபிக்கு (முகவரி எண்ணுக்கு) போகும் பாதையை விதி அடைக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்காமல் விதிகளை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருப்பது வீண் வேலை.

மடிக்கணினியில் என்எஸ்லுக்அப் கட்டளையில் அந்தத் தளத்தின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். 0.0.0.0 என்று வந்தால் அநேகமாக பை-ஹோலோ ஓபிஎன்சென்ஸின் டிஎன்எஸ் நிரலான அன்பவுண்டின் பட்டியலோ தடுத்திருக்கிறது. 10.10.10.1 என்று வந்தால் அது பிஎஃப்பிளாக்கரின் பெயர்த்தடை, அதன் இயல்பான முகவரி அதுதான். உண்மையான ஐபி வந்தும் செயலி தொங்குகிறதா? அப்போதுதான் ஃபயர்வால் விதிகளின் பக்கம் போக வேண்டும்.

கோலாலம்பூர் செந்தூலில் தெரிந்த ஓர் அக்கா வீட்டில் இப்படித்தான். "தம்பி, பேங்க் ஆப் திறக்கவே மாட்டேங்குது, ஆனா போன் டேட்டாவில் போட்டால் திறக்குது" என்றார். போன் டேட்டாவில் திறக்கிறது என்றால் குற்றவாளி வீட்டுக்குள்தான். பெயர் சோதனையில் உண்மையான ஐபி வந்தது. பிஎஃப்சென்ஸ் பதிவேட்டில் அவருடைய கைப்பேசியின் ஐபியைத் தேடி, சிவப்புக் குறியை அழுத்தினால் எந்த விதி என்று பெயரோடு வந்து நின்றது. யாரோ ஏற்றியிருந்த ஒரு ஐபி பட்டியல். அதே மேகச் சேவை முகவரியில் எப்போதோ ஒரு மோசடித் தளமும் இருந்திருக்கும், பட்டியல் அந்த முகவரியை மொத்தமாகச் சேர்த்திருக்கும். பல தளங்கள் ஒரே ஐபியில் குடியிருக்கும் இந்தக் காலத்தில், வெளியே போகும் போக்குவரத்துக்கு ஐபி பட்டியல் போடுவது வீட்டுக்கு ஆகாத வேலை என்பது என் உறுதியான கருத்து.

விதி வரிசை: ஒரே இயந்திரம், இரண்டு முகங்கள்

கொண்டோ வாசலில் காவலர் கையில் இருக்கும் பட்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து படிக்கிறார், பொருந்தும் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார், கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்ப்பதில்லை. பிஎஃப்சென்ஸின் லேன் (வீட்டு உள்வலை) விதிகள் அப்படித்தான். 'லேனிலிருந்து எங்கும் போகலாம்' என்ற இயல்பான விதிக்குக் கீழே ஒரு தடைவிதியை எழுதினால் அது வெறும் அலங்காரம். நிலையைக் காட்டும் பத்தியில் அந்த விதிக்கு நேராக 0/0 என்றே கிடந்தால், ஒரு பாக்கெட்கூட அதைத் தொடவில்லை என்று பொருள். ஏதாவது சிக்கல் என்றால் நான் முதலில் பார்ப்பது இந்தப் பத்தியைத்தான்.

சிக்கல் ஆரம்பிப்பது மிதக்கும் விதிகளில், அதாவது ஒரே நேரத்தில் பல இணைப்புப் பக்கங்களுக்கு (இடைமுகங்களுக்கு) எழுதக்கூடிய விதிகளில். அவை லேன் விதிகளுக்கு முன்பே ஓடும். ஆனால் பிஎஃப்சென்ஸில் மிதக்கும் விதிக்கு 'குயிக்' (பொருந்தியதும் நிறுத்து) தானாகத் தேர்வாகியிருக்காது. அது இல்லையென்றால் முதல் பொருத்தம் செல்லாது, பின்னால் வரும் விதி அதை மீறிவிடும். மிதக்கும் தடை போட்டும் தடுக்கவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், பல நேரம் கதை முடிந்தது.

ஓபிஎன்சென்ஸில் வரிசை மிதப்பவை, குழு, இடைமுகம் என்று போகும். 'குயிக்' தேர்வை ஒவ்வொரு விதியிலும் வெளிப்படையாகக் காட்டுகிறது, பட்டியலிலேயே குறியோடு தெரிகிறது. அதோடு நேரலைப் பதிவு இருக்கிறது. கைப்பேசியின் ஐபியைப் போட்டு வடிகட்டிவிட்டு, "இப்போ அந்த ஆப்பைத் திறங்க" என்றால் சிவப்பு வரி விதியின் பெயரோடு கண்முன்னே ஓடும். விதி வரிசையைத் துப்பறிவதில் ஓபிஎன்சென்ஸுக்கே என் ஓட்டு.

பிஎஃப்பிளாக்கர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். தானியங்கி விதிகளை உருவாக்கச் சொன்னால், அது தன் வரிசைமுறையைத்தான் கடைப்பிடிக்கும். இயல்பான அமைப்பில் அதன் தடைகள் மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே. நீங்கள் கஷ்டப்பட்டு உச்சியில் வைத்த அனுமதி விதி அடுத்த புதுப்பிப்பில் கீழே இறங்கிவிடும். நேற்று வேலை செய்தது இன்று வேலை செய்யவில்லை என்ற புலம்பல் இங்கேதான் பிறக்கிறது. தானியங்கி விதியை விட்டுவிட்டு, பட்டியலை 'ஏலியாஸ்' (பெயரிட்ட முகவரித் தொகுப்பு) ஆக மட்டும் உருவாக்கச் சொல்லுங்கள். விதியை நீங்களே எழுதி, நீங்களே விரும்பிய இடத்தில் வையுங்கள்.

விதியைச் சரிசெய்த பிறகும் மாற்றம் தெரியவில்லையா? ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகளை பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டுமே அப்படியே விட்டுவிடும். நிலைப்பட்டியலில் அந்த ஐபியின் இணைப்புகளை அழித்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். அப்புறம், லேன் பக்கத்தில் தடுக்கும்போது 'பிளாக்' வேண்டாம், 'ரிஜெக்ட்' போடுங்கள். பிளாக் போட்டால் செயலி பதிலுக்குக் காத்துக்கொண்டு தொங்கும், ரிஜெக்ட் போட்டால் உடனே கைவிரிக்கும், காரணம் தேடுபவருக்கும் நேரம் மிச்சம்.

பட்டியல்கள்

ஃபயர்ஹோல் லெவல்1 என்ற ஐபி பட்டியலை லேனில் போட்டவர்கள் வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அதில் போகான் எனப்படும் ஒதுக்கப்படாத முகவரிகளோடு 192.168.0.0/16, 10.0.0.0/8 போன்ற தனியார் முகவரிகளும் உண்டு. லைன் நிறுவனத்தின் ரவுட்டருக்குப் பின்னால் ஃபயர்வால் வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த ரவுட்டரின் பக்கம்கூடத் திறக்காது. ஸ்பாம்ஹாஸ் டிராப் பட்டியல் சிறியது, கவனமாகத் தொகுக்கப்படுவது. ஐபி பட்டியல் வேண்டவே வேண்டும் என்றால் அது ஒன்று போதும்.

மலேசியாவைத் தவிர மற்ற நாடுகளை அடைத்துவிடலாம் என்ற யோசனையும் சுற்றுகிறது. உள்ளே வரும் பக்கத்தில் நீங்கள் எந்தப் போர்ட்டையும் (சேவைக்கான வாசல் எண்) திறக்கவில்லை என்றால் எல்லாம் முன்பே அடைத்துத்தான் இருக்கிறது, அந்த விதி வெறும் சுமை. வெளியே போகும் பக்கத்தில் போட்டால், நாம் தினமும் பயன்படுத்தும் சேவைகள் பலவற்றின் சர்வர்கள் சிங்கப்பூரில் இருப்பதால் பாதி இணையம் படுத்துவிடும்.

பெயர்ப்பட்டியலில் ஹகேஸியின் தொகுப்புகள் லைட்டிலிருந்து அல்டிமேட் வரை படிப்படியாகக் கடுமையாகும். பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டுக்கு லைட் அல்லது நார்மல். ஓஐஎஸ்டி பட்டியலும் எதையும் உடைத்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு தொகுக்கப்படுவது. ஒரே விளம்பரத் தளத்தை ஐந்து பட்டியல்கள் தடுப்பதால் ஒரு பயனும் இல்லை. தவறாகத் தடுத்ததை விடுவிக்கும் அன்று ஐந்தையும் துழாவ வேண்டியிருக்கும்.

பை-ஹோல் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது

பை-ஹோலில் வரிசைத் தலைவலி கிடையாது. அனுமதி எப்போதும் தடையை வெல்லும். கேள்விப் பதிவேட்டில் அந்தக் கைப்பேசியைத் தேர்ந்தெடுத்து, தடுக்கப்பட்ட பெயரின் பக்கத்தில் இருக்கும் அனுமதிப் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஆட்கார்டு ஹோமில் @@ என்று தொடங்கும் விலக்கு விதி அதே வேலையைச் செய்யும். ஆனால் தடைவிதியில் 'இம்பார்ட்டன்ட்' என்ற குறி இருந்தால் சாதாரண விலக்கு அதற்கு முன் செல்லாது, பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டில் இருப்பவருக்குப் பெரிய நிம்மதி தருவது தற்காலிக நிறுத்தம். தடுப்பை ஐந்து நிமிடம் நிறுத்தச் சொல்லும் பொத்தானைக் கைப்பேசியிலிருந்தே அழுத்தலாம், நேரம் முடிந்ததும் தானாகத் திரும்ப ஓடும். செயலி திறந்துவிட்டால் குற்றம் பட்டியலில், திறக்காவிட்டால் வேறெங்கோ. அக்காவுக்கும் அம்மாவுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும். பிஎஃப்சென்ஸின் விதிப் பக்கத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போக முடியாது. 2025 பிப்ரவரியில் வந்த பை-ஹோலின் 6-ஆம் பதிப்பு தனி வெப் சர்வரும் பிஎச்பி என்ற நிரல்மொழியும் இல்லாமலே ஓடுவதால் பராமரிப்பும் குறைந்தது.

தோற்கும் இடம், தன்னைத் தாண்டிப் போகிறவர்களை அதனால் பிடிக்க முடியாது. கூகுளின் டிஎன்எஸான 8.8.8.8-ஐ உள்ளேயே எழுதிவைத்திருக்கும் டிவி பெட்டிகள், ஆண்ட்ராய்டின் தனிப்பட்ட டிஎன்எஸ், பிரௌசருக்குள் ஓடும் மறைகுறி டிஎன்எஸ் எல்லாம் அதைச் சுற்றிப் போய்விடும். ரவுட்டர் ஐபிவி6 (புதிய வகை ஐபி) வழியாகத் தன் டிஎன்எஸ் முகவரியை அறிவித்துக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். பாதுகாப்புக்கு என்று இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8-ஐப் போடுவதும் ஓட்டைதான். கருவிகள் அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை, இஷ்டத்துக்குப் பயன்படுத்தும்.

போர்ட் 53-க்குப் போகும் டிஎன்எஸ் கேள்விகள் எல்லாவற்றையும் பை-ஹோலுக்குத் திருப்பிவிட, முன்னால் பிஎஃப்சென்ஸோ ஓபிஎன்சென்ஸோ வேண்டும். அங்கேயும் வரிசைதான் முக்கியம். பை-ஹோலின் சொந்த ஐபிக்கான விலக்கு திருப்புவிதிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கேட்கும் கேள்வி அதனிடமே திரும்பி வந்து வட்டமடிக்கும்.

நம் ஊரில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், வெளி டிஎன்எஸ் கேள்விகளை உள்ளூர் சேவை நிறுவனங்களின் சர்வர்களுக்கே திருப்பச் சொன்னது. பொதுமக்கள் எதிர்த்ததும் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்திவைத்தார். மறைகுறி இல்லாத டிஎன்எஸ் கேள்விக்கு யார் வேண்டுமானாலும் நடுவில் பதில் சொல்ல முடியும் என்பது அந்தச் சில நாட்களில் எல்லோருக்கும் புரிந்தது. உங்கள் பதிவேட்டில் அனுமதி என்று இருந்தும் தளம் திறக்கவில்லை என்றால், உங்கள் கருவி வெளியே கேட்கும் டிஎன்எஸை மறைகுறியோடு அமைத்துச் சோதித்துப் பாருங்கள். இந்த வசதி ஓபிஎன்சென்ஸிலும் பிஎஃப்சென்ஸிலும் உள்ளேயே இருக்கிறது, ஆட்கார்டு ஹோமிலும் இருக்கிறது. பை-ஹோலுக்குத் தனியாக ஒரு துணை நிரல் தேவை. இந்த ஒரு விஷயத்தில் ஆட்கார்டு ஹோம் பை-ஹோலை முந்துகிறது.

என் தேர்வு

வாடகை வீடு, லைன் நிறுவனத்தின் ரவுட்டர், பெற்றோர் தனியாக இருக்கும் வீடு: ஆட்கார்டு ஹோம் அல்லது பை-ஹோல், ஒரே ஒரு மிதமான பட்டியல், அவ்வளவுதான். பினாங்கு பாயான் லெப்பாஸில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர், சிசிடிவி கேமராக்களைத் தனி வலையில் பிரிக்க விரும்புபவர்: ஓபிஎன்சென்ஸ், அதற்குள் பத்துக்கும் குறைவான விதிகள், பெயர்த்தடைக்குத் தனியாக ஆட்கார்டு ஹோம். பிஎஃப்சென்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் மாற்றத் தேவையில்லை, பிஎஃப்பிளாக்கரை ஏலியாஸ் முறைக்கு மாற்றினாலே பாதிச் சிக்கல் போய்விடும்.

டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை லைனில் சொந்த ஃபயர்வாலை ரவுட்டர் இடத்தில் வைப்பவர்கள், வான் (வெளி இணைய) பக்கத்தில் இணையத்துக்கு விலான் (ஒரே கம்பியில் பிரிக்கும் தனி வலை) 500, டிவிக்கு விலான் 600 என்று பிரித்துவிட்டு, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பை 500-இன் மேல் அமையுங்கள். டிவி பெட்டிக்கு 600-ஐ அப்படியே விட்டுவிடுங்கள், அதன்மேல் எந்தப் பட்டியலும் வேண்டாம்.