ஜி.டி.பி. டீபக்கர்: அசெம்பிளி லூப்பைக் கண்ணால் பார்க்க

லினக்ஸில் 64-பிட் அசெம்பிளி (செயலியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி) பழகுபவர்களுக்கு, நிரலை ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிப் பார்க்க உதவும் ஜி.டி.பி. என்ற இந்த இலவசக் கருவிக்கு நிகராக இன்னொன்றைச் சொல்ல மாட்டேன். நாஸ்ம் என்ற அசெம்பிளரில் ‘-ஜி’ சேர்த்து அசெம்பிள் செய்து, ஜி.டி.பி.யில் ‘ஸ்டார்ட்ஐ’, ‘லேஅவுட் ரெக்ஸ்’ கொடுங்கள். பிறகு ‘எஸ்ஐ’ அடிக்க அடிக்க, ஒவ்வொரு கட்டளையிலும் மாறும் ரிஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) மட்டும் பளிச்சென்று தெரியும்.

இதன் அருமை தெரிவது லூப் முடியாமல் ஓடும்போதுதான். ஆர்சிஎக்ஸ் என்ற ரிஜிஸ்டரில் 5 வைத்து, உள்ளே சிஸ்காலில் (கெர்னலிடம் வேலையை ஒப்படைக்கும் கட்டளை) ஒரு வரி அச்சடித்து, கடைசியில் ‘லூப்’ (ஆர்சிஎக்ஸில் ஒன்றைக் குறைத்து, அது 0 ஆகும்வரை திரும்பிச் சுற்றும் கட்டளை) போட்டால் நிற்கவே நிற்காது. சிஸ்காலைத் தாண்டியதும் ஆர்சிஎக்ஸைப் பாருங்கள்: 5 போய் 0எக்ஸ்401 என்று தொடங்கும் முகவரி உட்கார்ந்திருக்கும். திரும்பும் முகவரியைச் சிஸ்கால் அங்கேதான் வைக்கும், ஆர்11-ம் அழியும். எண்ணிக்கையை ஆர்12-க்கு மாற்றி, ‘டெக்’ (ஒன்றைக் குறைக்கும்), ‘ஜேஎன்இசட்’ (விடை 0 இல்லையென்றால் தாவும்) எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவே ‘ஆட்’, ‘கம்பேர்’ எதையும் நுழைக்காதீர்கள், விடை 0-வா என்று குறித்து வைக்கும் ஜீரோ ஃப்ளாக் மாறிவிடும்.

தொடக்கத்திலேயே ஆர்சிஎக்ஸ் 0 என்றால் ‘லூப்’ 2^64 முறை சுற்றும். முன்னால் ஒரு ‘ஜேஆர்சிஎக்ஸ்இசட்’ (ஆர்சிஎக்ஸ் 0 என்றால் லூப்பைத் தாண்டித் தாவ) அவசியம்.

குறைகள்: நிரல் அச்சடிப்பது திரையைக் குலைக்கும், கண்ட்ரோல்+எல் சரிசெய்யும். டிஸ்அசெம்பிளி (இயந்திரக் குறியீட்டை மீண்டும் அசெம்பிளியாகக் காட்டுவது) ஏடி&டி பாணியில் வரும்; நாஸ்மில் எழுதும் இன்டெல் பாணிக்கு நாமேதான் மாற்ற வேண்டும்.