ஸ்டோரிவீவர்: முதல் நிலைக் கதையில் பத்தெழுத்துச் சொல்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய பள்ளியில் பாடம் எடுக்கும் தோழி ஒருவர், “வகுப்பில் ஒடியா, இந்தி பேசும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவரை நம்பி இறங்கலாமா?” என்று கேட்டார். சில ஆண்டுகள் புழங்கியதை வைத்து இந்தப் பதில்.

பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது, இலவசம், திறந்த உரிமம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனக்குத் தீராத எரிச்சல் கதைகளைப் பிரிக்கும் வாசிப்பு நிலைகளில்தான். முதல் நிலை என்றால் 250 சொல்லுக்குள், இரண்டாம் நிலை 600 வரை. சொல்லை எண்ணும் இந்தக் கணக்கு ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் ‘ஓடிக்கொண்டிருந்தாள்’ என்பது ஒரே சொல், எழுத்தோ பத்து. ஆங்கிலத்தில் அதுவே மூன்று சின்னச் சொற்கள். தமிழுக்கு வரும்போது சொல் எண்ணிக்கை குறைகிறது, படிக்கும் பாடு கூடுகிறது. தளத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. எண்ணும் முறையே நம் மொழிக்கு ஒத்துவரவில்லை. ஆனால் ‘சிரித்தான்’ போதுமான இடத்தில் ‘மகிழ்ச்சியடைந்தான்’ என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் கோபம் வரத்தான் செய்கிறது. வெளிமாநிலப் பிள்ளை தெருவில் ‘ஓடிட்டு இருந்தா’ என்றுதான் கேட்டுப் பழகியிருக்கும். அதற்கு இந்த எழுத்துத் தமிழ் இன்னொரு புது மொழி.

ஆகவே நிலை எண்ணைப் பார்க்காதீர்கள். கதையைத் திறந்து ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு எழுத்துக்கு மேற்பட்ட சொற்களை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஒன்றைத் தாண்டினால் அது நீங்கள் வாசிக்க, பிள்ளைகள் கேட்க வேண்டிய கதை. மிகவும் பிடித்த கதை என்றால் தளத்திலேயே நிலையை மாற்றி எழுதும் வசதி இருக்கிறது. உரிமமும் இடம் தருகிறது. ‘ஓடினாள்’ என்று நீங்களே எளிதாக்கிவிடலாம்.

இவ்வளவு எரிச்சலுக்குப் பிறகும் தளத்தை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் படங்கள். ஒரே கதையின் தமிழ், ஒடியா, இந்தி வடிவங்களில் அதே பக்கத்தில் அதே படம் வரும். மூன்றாம் வகுப்பில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஒடியா எழுத்து தெரிந்திருக்கும். முதலில் அந்த வடிவம், மறுநாள் தமிழ். கதை தெரிந்துவிட்டதால் எழுத்தில் மட்டும் கவனம் போகும். நான்கைந்து வயதில் வந்த பிள்ளைக்கு எந்த எழுத்தும் தெரியாது. அதற்கு அக்காவோ அம்மாவோ படத்தைப் பார்த்து ஒடியாவில் சொல்வதைப் போனில் பதிந்து ஒலிக்கவிடுங்கள்.

தமிழ் வாசிக்கும்போது தவறுகளும் மொழிக்கு மொழி மாறும். இந்தி படித்த பிள்ளை ‘பல’ என்பதைப் ‘பல்’ என்று வாசிக்கும். இந்தியில் சொல்லின் கடைசி அகரம் ஒலிப்பதில்லை. ஒடியாவில் அது பெரும்பாலும் ஒலிக்கும், அதனால் அந்தப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் குறைவு. ‘காகம்’ இருவரையுமே தடுமாற வைக்கும்: அவர்கள் எழுத்தில் க வேறு, ga வேறு என்பது போல இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு, நமக்கோ ஒரே க. இங்கே திருத்துவதைவிட ஒலியோடு சொல்லைக் காட்டும் கதைகள் பெரிய உதவி.

அச்சுக்கு: 16 பக்கக் கதைக்கு நான்கு ஏ4 தாள். பிரிண்டரில் புக்லெட் முறை, இருபுறம், குறுகிய ஓரமாகப் புரட்டுவது. நீள ஓரத்தைத் தேர்ந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். எழுதியவர், வரைந்தவர் பெயருள்ள கடைசிப் பக்கங்களை வெட்டிவிடாதீர்கள். உரிமத்தின் நிபந்தனையே அதுதான். சொல்லட்டை செய்ய பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுக்க வேண்டாம். கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ சிதறிவிடும். பார்த்துத் தட்டச்சு செய்வதே வேகம்.

தோழிக்குப் பதில்: இறங்குங்கள். ஆனால் தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் தொடக்க நிலையான அரும்பில் இருக்கும் பிள்ளையின் கையில், தானாகப் படி என்று தமிழ் முதல் நிலைக் கதையைக் கொடுத்துவிடாதீர்கள்.