ஏழு வருடம், மூன்று தரை: என் எழுத்து அறையின் கதை

படிக்கவும் எழுதவும் என்று ஒரு அறையை ஒதுக்கி ஏழு வருடம் ஆகிறது. அதற்குள் அந்த அறையின் தரை இரண்டு முறை மாறிவிட்டது. முதலில் பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைட் டைல்ஸ், பிறகு அதன் மேலேயே லாமினேட் என்ற, மரம்போல அச்சடித்த பலகை, கடந்த இரண்டு வருடமாக கார்க் என்ற மரப்பட்டைத் தரை. மூன்றின் மேலும் தினமும் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.

டைல்ஸ் எடுத்தபோது நிறத்தை மட்டும்தான் பார்த்தேன். வெள்ளை என்றால் அறை விசாலமாக, அமைதியாக இருக்கும் என்று நினைப்பு. விசாலமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் ஜன்னல் வெளிச்சம் தரையில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கும். இரவில் மேலே ஒரு விளக்கு, தரைக்குள் இன்னொரு விளக்கு. கணினித் திரையைப் பார்த்து வேலை செய்யும்போது பார்வையின் கீழ் ஓரத்தில் ஏதோ மினுங்கிக்கொண்டே இருக்கும். கனமான திரைச்சீலை போட்டுப் பார்த்தேன். அறை இருண்டது, அவ்வளவுதான்.

பராமரிப்பில் அந்த டைல்ஸைக் குறை சொல்ல முடியாது. விட்ரிஃபைட் டைல் 0.5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் தண்ணீரை உறிஞ்சும். மை கொட்டினாலும் ஒரு துடைப்பில் போய்விடும்.

கண் கூச்சத்தைவிடப் பெரிய தொந்தரவு சத்தம். இது எனக்கு உறைக்கவே ஒரு வருடம் ஆனது. வெறும் சுவர், கெட்டியான தரை. பேனா விழுந்தாலும் நாற்காலியை இழுத்தாலும் அறை முழுக்க எதிரொலிக்கும். ஒரு நாள் தற்செயலாக மேசைக்கடியில் தடிமனான தரைவிரிப்பு ஒன்றை விரித்தேன். அன்று மாலை அறையே வேறு மாதிரி இருந்தது. நான் கண்ணால் தேடிக்கொண்டிருந்த அமைதியில் பாதி காது சம்பந்தப்பட்டது என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யார் கேட்டது?

அடுத்து வந்தது மர வடிவ லாமினேட், பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ், 8 மி.மீ. பலகை. பெட்டிகளை 48 மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து, சுவரோரம் 10 மி.மீ. இடைவெளி விட்டுப் போட்டார்கள். ஈரப்பதத்துக்கு ஏற்பப் பலகை விரிந்து சுருங்கும். இடம் விடாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும். கண்கூச்சம் முதல் நாளே போய்விட்டது. ஆனால் நடந்தால் ‘டக் டக்’ என்று மேளம்போல ஒரு வெற்றுச் சத்தம். ஒட்டாமல் மிதக்கும் தரையில் அடியில் இருக்கும் சின்ன வெற்றிடங்கள் செய்யும் வேலை அது. பலகைக்கு அடியில் விரிக்கும் அண்டர்லேயை மெத்தென்று தடியாகப் போட்டால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். பலகை மிதிக்க மிதிக்க அமுங்கி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் விளிம்புகள் உடைந்துவிடும். தேவை தடிமன் இல்லை, அடர்த்தி.

இன்னொரு தவறும் செய்தேன். கறுத்த முடிச்சுகள் எடுப்பாகத் தெரியும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். அச்சடித்த படம்தானே, ஒரே முடிச்சு ஆறு இடத்தில் இருந்தது. வேலை ஓடாத மதியங்களில் அவற்றை எண்ணிக்கொண்டிருப்பேன். கவனம் வேண்டிய அறைக்கு ரேகை மங்கிய, நிறம் அதிகம் மாறாத தரைதான் நல்லது.

லாமினேட் போட்ட மூன்றாம் வருடம் ஒரு மழை இரவில் ஜன்னலை மூட மறந்தேன். தண்ணீர் இணைப்புகளில் இறங்கி விளிம்புகள் ஊதிவிட்டன. உள்ளே இருப்பது அழுத்திய மரநார். ஊதினால் பழையபடி அடங்காது, இழைக்கவும் முடியாது.

அப்புறம் கார்க். ஓக் வகை மரம் ஒன்றின் பட்டையிலிருந்து எடுப்பது. மரத்தை வெட்டுவதில்லை, பட்டை மறுபடி வளரும். உள்ளே முழுக்க நுண்ணிய காற்றறைகள். அதனால்தான் வெறும் காலுக்குச் சில்லென்று இருப்பதில்லை, விழுகிற சத்தமும் அங்கேயே அடங்கிவிடுகிறது. லாமினேட்டை எடுத்துவிட்டு, டைல்ஸுக்கு நடுவே கிரவுட் பூச்சு நிரப்பிய கோடுகளைச் சமன்படுத்தி, மேலே ஒட்டினார்கள். சமன்படுத்தாவிட்டால் அந்தக் கோடுகள் நாளடைவில் மேலே தெரியும்.

குறைகள் உண்டு. நாற்காலியின் கெட்டி பிளாஸ்டிக் சக்கரங்கள் ஒரே மாதத்தில் தடம் பதித்துவிட்டன. மிருதுவான ரப்பர் சக்கரம் மாற்றினேன். அலமாரிக் கால் பதிந்த குழி அப்படியே இருக்கிறது. ஜன்னலோரம் வெயில் பட்டு நிறம் வெளுத்திருக்கிறது. சில வருடத்துக்கு ஒருமுறை மேல்பூச்சும் அடிக்க வேண்டும். இருந்தும் மூன்றில் எதை வைத்துக்கொள்வாய் என்றால் இதைத்தான் சொல்வேன்.

சாம்பிள் வாங்கினால் சுவரில் சாய்த்துப் பார்க்காமல் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், காலையில் ஒருமுறை, இரவு விளக்கில் ஒருமுறை. வெறும் காலால் மிதியுங்கள், விரலால் தட்டிக் கேளுங்கள். ஏற்கெனவே டைல்ஸ் இருந்தால் உடைக்கும் முன் ஒரு நல்ல தரைவிரிப்பை ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

கூடத்தில் இன்னும் அந்த வெள்ளை டைல்ஸ்தான். போன் வந்தால் அங்கே போய்ப் பேசுகிறேன். எதிரொலியில் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடுகிறது.