பாடசாலைத் தவணைக்கால விலையில் நான்கு இரவுகள்: வைட் தீவின் கரவன் பூங்கா ஒன்றைப் பற்றி

சென்ற ஜூன் மாதக் கடைசி வாரத்தில், இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால் உள்ள வைட் தீவில், கரவன் எனப்படும் சக்கர வீடுகளை வாடகைக்கு விடும் கடலோரப் பூங்கா ஒன்றில் திங்கள் முதல் வெள்ளி வரை நான்கு இரவுகள் தங்கினோம். நானும் கணவரும், நான்காம் ஆண்டில் படிக்கும் மகளும், முதலாம் ஆண்டில் படிக்கும் மகனுமாக நால்வர். அது பாடசாலைத் தவணை நடக்கும் வாரம். பிள்ளைகள் இருவரையும் பாடசாலைக்கு அனுப்பாமல் மறித்துத்தான் அழைத்துச் சென்றோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பூங்கா விற்கும் பொருளின் விலையையும் தரத்தையும் அதை மறைத்துவிட்டு மதிப்பிட முடியாது.

இரண்டு படுக்கையறைகள் கொண்ட கரவனுக்கு அந்த நான்கு இரவுகளுக்கும் 310 பவுண் கேட்டார்கள். அதே கரவன், அதே திங்கள் முதல் வெள்ளி வரை, ஆகஸ்ட் முதல் வாரத்தில் 790 பவுண். காரைக் கொண்டுசெல்லும் கப்பலின் கட்டணத்திலும் ஏறத்தாழ 60 பவுண் வேறுபாடு இருந்தது. ஆக, 540 பவுண் மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் பதிவு செய்தோம். பூங்காவின் விளம்பரமும் இந்த வேறுபாட்டையே முன்னிறுத்துகிறது; 'அமைதியான ஜூன்' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்த அமைதிக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை மட்டும் விளம்பரம் சொல்வதில்லை.

இங்கிலாந்தில் 2024 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் பத்து அரைநாள்கள் அனுமதியின்றி வராத பிள்ளைக்காகப் பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிப்பது பற்றி ஆராயப்பட வேண்டும். காலையில் ஒருமுறை, மதியத்துக்குப் பின் ஒருமுறை என்று பதிவேடு இரண்டு தடவை எடுக்கப்படுவதால், பத்து அரைநாள்கள் என்பது ஐந்து நாள்கள். கரவன் பூங்காக்கள் வழக்கமாக விற்கும் திங்கள்–வெள்ளித் தங்கல் இந்த எல்லைக்கு ஓர் அரைநாள்கூடக் குறையாமல் பொருந்திவிடுகிறது. தண்டப்பணம் 21 நாள்களுக்குள் கட்டினால் 80 பவுண்; அதன்பின் 28 நாள்களுக்குள் கட்டினால் 160 பவுண். இது குடும்பத்துக்கு ஒன்று அன்று. ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே வரும். எங்கள் வீட்டில் இரண்டு பெற்றோர், இரண்டு பிள்ளைகள்; நான்கு எண்பது 320. ஆகவே நாங்கள் உண்மையில் மிச்சம்பிடித்தது 540 பவுண் அன்று, 220 பவுண்.

தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே எழுதினோம். காய்ச்சல் என்று பொய் சொல்லும்படி அறிவுரை தந்த நண்பர்கள் பலர். வீடு திரும்பியதும் மகன் வகுப்பு முழுவதற்கும் கடற்கரையைப் பற்றிச் சொல்லிவிடுவான் என்பதால், உண்மையைச் சொல்வதே மலிவு என்று தோன்றியது. இரண்டு வரியில் மறுப்பு வந்தது. அதில் அவர் மீது எனக்குக் குறையில்லை. 2013 செப்டெம்பருக்கு முன், சிறப்பான சூழ்நிலைகளில் குடும்ப விடுமுறைக்காக ஆண்டுக்குப் பத்து நாள்கள் வரை தலைமையாசிரியர் அனுமதிக்க இடம் இருந்தது. அந்தத் திருத்தத்துக்குப் பின் 'விதிவிலக்கான சூழ்நிலை' என்ற சொல் மட்டுமே எஞ்சியது. மலிவான கரவன் அதற்குள் அடங்காது. நம்மவர்கள் இந்த அனுமதியைக் கேட்டு நிற்பது பெரும்பாலும் கடற்கரைக்காக அன்று, கலியாணத்துக்காக. இந்நாட்டுப் பாடசாலைகளின் கோடை விடுமுறை தொடங்கும்போது ஆடி பிறந்திருக்கும். நத்தார் விடுமுறை மார்கழிக்குள் வந்துவிடும். கலியாணம் வைக்காத மாதங்களாகப் பார்த்து விடுமுறை விட்டதுபோல இருக்கிறது. தையிலும் வைகாசியிலும் நாள் பார்த்தால் அது பெரும்பாலும் தவணைக்குள்தான் விழும்.

போர்ட்ஸ்மத்திலிருந்து தீவின் ஃபிஷ்போர்னுக்குக் கப்பல் முக்கால் மணி நேரம் ஓடியது. மேல்தளத்தில் எங்கள் இருவரையும் தவிரப் பாடசாலை வயதுப் பிள்ளைகளுடன் வந்தவர்களைக் காணவில்லை. நாங்கள் சென்ற இடத்துக்கு இந்த விவகாரத்தில் தனி வரலாறு ஒன்று உண்டு. 2015 ஏப்ரலில் தம் மகளைத் தவணைக்காலத்தில் ஃபுளோரிடாவுக்கு அழைத்துச் சென்ற ஜோன் பிளாட் என்பவர், கட்ட மறுத்த தண்டப்பணத்துக்காக வழக்கை எதிர்கொண்டது இந்தத் தீவின் உள்ளூராட்சிக் கவுன்சிலுடன்தான். கீழ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் அவர் வென்றார். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 'ஒழுங்காக' வரவேண்டும் என்றுதான் சொல்கிறது, தம் மகளின் வருகை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருக்கிறதே என்பது அவருடைய வாதம். 2017 ஏப்ரல் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. 'ஒழுங்காக' என்றால் பாடசாலை வகுத்த விதிகளின்படி என்று பொருள் என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்குத் தரப்பட்ட பொருளால்தான் எங்கள் கரவனின் விலை 310 பவுணிலிருந்து 630 பவுணாக உயர்ந்தது.

கரவனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. துப்புரவாக இருந்தது, சமையலறையில் சோறு வடிக்கும் அளவுக்குப் பெரிய பாத்திரம் இருந்தது, சுடுதண்ணீர் தடையின்றி வந்தது. பிள்ளைகளின் அறையில் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் ஒருவர் பக்கவாட்டில் மட்டுமே நிற்கலாம். அந்த விலைக்கு அது எதிர்பார்க்கத் தக்கதே.

எனக்குள்ள உண்மையான குறை வேறு. விளம்பரத்தில் நீச்சல் தடாகம், சறுக்குமரம், சிறுவர் மன்றம், மாலை நிகழ்ச்சி எல்லாம் இருந்தன. போய்ப் பார்த்தால், சறுக்குமரம் பாடசாலை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் மட்டுமே திறக்கப்படும் என்ற அறிவித்தல் வாசலில் தொங்கியது. தடாகம் காலை பத்து மணிக்குத் திறந்து மாலை நான்கு மணிக்கு மூடப்பட்டது. அதிலும் ஒரு மணி நேரம் முதியோரின் நீர்ப்பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சிறுவர் மன்றம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் நடந்தது. மாலை நிகழ்ச்சி பிங்கோ எனும் எண் விளையாட்டு. மகள் அதில் மூன்று சுற்று இருந்து, எண்களைக் கூப்பிடும் முதியவரை எனக்கும் மேலாக ரசித்தாள் என்பது தனிக் கதை. வரவேற்பு மேசையில் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் மிகுந்த பணிவோடு, "இந்த வாரங்களில் பெரிய பிள்ளைகள் இங்கே வருவதில்லையே" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. வரக்கூடாத வாரத்தில் வந்தவர்களுக்காக யாரும் சறுக்குமரத்துக்கு ஆள் வைக்கமாட்டார்கள். ஆனால் அதே படங்களைக் காட்டி ஜூன் மாதத்தை விற்பதும், எந்தெந்த வசதி எந்த நாளில் இல்லை என்பதைப் பதிவு செய்யும் பக்கத்தில் சொல்லாமல் விடுவதும் நேர்மையான வியாபாரம் அன்று. அரை விலையில் வாங்கிய பொருள் பாதிப் பொருளாகவே கைக்கு வந்தது.

பூங்காவை விட்டு வெளியே போனால் கதை மாறுகிறது. ஆலம் குடாவில் பலநிற மணலைக் கண்ணாடிக் குப்பிகளில் அடுக்கடுக்காக நிரப்புவதற்கும், கம்பிவடத்தில் ஓடும் நாற்காலியில் தொங்கியபடி கரைக்கு இறங்குவதற்கும் வரிசையே இல்லை. கீழே இருந்து நீடில்ஸ் எனப்படும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தோம். ரைட் துறையிலிருந்து ஷாங்ளினுக்கு ஓடும் சிறிய ரயிலில் ஏறியபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி காத்திருந்தது. லண்டன் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் ஓடி ஓய்ந்த பெட்டிகளைத்தான் புதுப்பித்து 2021 முதல் அங்கே ஓட்டுகிறார்கள். கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில் மரக்கறி வாங்கிக்கொண்டு நெரிசலில் நின்றபடி பயணம் செய்த பெட்டி, இப்போது கடலுக்கு மேலே நீளும் துறையில், பாதி காலியாக நின்றுகொண்டிருந்தது. இந்த வெறுமைதான் தவணைக்காலப் பயணத்தில் விலை கொடுத்து வாங்கத் தக்க ஒரே பொருள். அது பூங்காவினுடையது அன்று, தீவினுடையது.

சாண்டௌனில் உள்ள டைனோசர் அருங்காட்சியகத்தில் மட்டும் கூட்டம். லண்டன் பக்கத்திலிருந்து வந்த பாடசாலை ஒன்றின் பிள்ளைகள், ஒரே நிறத் தொப்பியுடன், ஆசிரியர்களின் பின்னே இரண்டிரண்டு பேராக நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் என் பிள்ளைகளும் ஒரே எலும்பைப் பார்த்தார்கள், ஒரே பலகையை வாசித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் கல்விச் சுற்றுலாவுக்கு உரிய 'வி', என்னுடையவர்களுக்கு அனுமதியற்ற விடுமுறைக்கு உரிய 'ஜி'. கணவர் இதைச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை, ஏனெனில் அன்று வியாழக்கிழமை. மகளின் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி நடந்த நாள். முதலாம் ஆண்டின் ஒலிப்புச் சோதனையும் நான்காம் ஆண்டின் பெருக்கல் வாய்பாட்டுச் சோதனையும் ஜூன் முற்பகுதியில் முடிந்துவிடும் என்று பார்த்துத்தான் வாரத்தைத் தெரிந்தெடுத்தோம். போட்டியின் திகதி பிறகே அறிவிக்கப்பட்டது. அஞ்சலோட்டத்தில் கடைசியாக ஓட வேண்டியவள் அவள். மதியம் இரண்டு மணிக்கு, "இப்போது என் இடத்தில் யார் ஓடுவார்கள்?" என்று கேட்டாள். அதன்பின் அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்தப் பூங்காவை ஜூன் மாதத்தில் யாருக்குப் பரிந்துரைப்பேன் என்றால், சட்டப்படி பாடசாலை வயதை இன்னும் எட்டாத பிள்ளை உள்ளவர்களுக்குத்தான். ஐந்து வயது நிறைந்தபின் முதலில் வரும் டிசெம்பர் 31, மார்ச் 31 அல்லது ஆகஸ்ட் 31 வரை அந்த வயது தொடங்குவதில்லை. ஆரம்ப வகுப்பில் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கும் இது பொருந்தும். அவர்களுக்குச் சிறுவர் மன்றமும் திறந்திருக்கும், தண்டப்பணமும் வராது. ஸ்கொட்லாந்தில் இத்தகைய தண்டப்பணம் இல்லை, வேல்ஸில் தலைமையாசிரியர் பத்து நாள்கள் வரை அனுமதிக்க இன்னும் இடம் உண்டு; அங்கிருந்து வருபவர்களுக்குக் கணக்கு வேறு. மற்றவர்கள், ஆசிரியர் பயிற்சிக்காகப் பாடசாலை மூடப்படும் வெள்ளி அல்லது திங்களைப் பார்த்து, வெள்ளி–திங்கள் தங்கலைப் பதிவு செய்வது நல்லது. வார இறுதியானால் சறுக்குமரமும் திறந்திருக்கும்.

நான்கு தண்டப்பண உறைகள் ஒரே நாளில் வந்தன. பத்தொன்பதாம் நாள் 320 பவுணையும் கட்டி முடித்தோம். அடுத்த கிழமை பூங்காவிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: அடுத்த ஜூனில் அதே கரவன், அதே திங்கள்–வெள்ளி, எங்களைப் போன்ற பழைய விருந்தினருக்கு 15 விழுக்காடு கழிவு, 263 பவுண் 50 பென்ஸ். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாம் முறை என்றால் 80 பவுண் சலுகை கிடையாது. ஆளுக்கு, பிள்ளைக்கு 160. 160ஐ நான்கால் பெருக்கினால் 640. இரண்டையும் கூட்டி 903 பவுண் 50 பென்ஸ் என்று எழுதிவைத்துவிட்டு, அந்த மின்னஞ்சலிலேயே ஆகஸ்ட் மாதத்தைத் தட்டிப் பார்த்தேன். கழிவில்லாமல் 815 பவுண்.