பதினெட்டாயிரம் கொடுத்து வாங்கிய ‘புரோகிராம் லாக்’ பெயரை மாற்றினால் திறந்துவிடுகிறது

பலர் மாறிமாறி உட்காரும் 12 கணினிகள். தேவையான நான்கைந்து புரோகிராம்களைத் தவிர வேறு எதுவும் அதில் ஓடக்கூடாது. கேட்டது இவ்வளவுதான். டெக்னீஷியன்களைப் பிடித்துத் தரும் ஓர் இணையதளம் வழியாக வந்தவர் பதினெட்டாயிரம் வாங்கினார், முழுவதும் முன்பணமாக. அவர் செய்து வைத்திருப்பது விண்டோஸில் சும்மாவே கிடைக்கும் ஒரு பெயர்ப் பட்டியல்.

நம்ப வைத்த இடம் இதுதான். திரையைப் பகிர்ந்து, டெஸ்க்டாப்பில் இருந்த ஒரு கேமை டபுள் கிளிக் செய்தார். கணினியில் உள்ள கட்டுப்பாடுகளால் இது ரத்தானது, நிர்வாகியைத் தொடர்பு கொள்ளவும் என்று ஒரு பெட்டி வந்தது. அடுத்து டோரன்ட், அதற்கும் அதே பெட்டி. “எதைத் தொட்டாலும் இப்படித்தான் சார் நிக்கும்” என்றார். பெட்டி விண்டோஸுடையது, உண்மையான பெட்டி. பணம் உடனே போய்விட்டது.

மறுநாளே அந்த கேம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அந்தக் கோப்பின் மேல் எஃப்2 அழுத்தி, பெயரை ‘நோட்ஸ்’ என்று மாற்றியிருந்தார்கள். அவ்வளவுதான், வேறு எந்த வித்தையும் இல்லை.

விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்தால் காரணம் தெரிகிறது. பயனர் பகுதியில், பாலிசீஸ், எக்ஸ்ப்ளோரர் என்று இறங்கினால் ‘டிஸ்அலோரன்’ (ஓட விடாதே) என்று ஒரு கீ, அதாவது ஃபோல்டர் போன்ற ஒரு பிரிவு. அதற்குள் 1, 2, 3 என்று வரிசையாகக் கோப்புப் பெயர்கள். மொத்தம் 9 பெயர். அந்த 9 தவிர உலகத்தில் உள்ள எந்த புரோகிராமும் ஓடும். பட்டியலில் உள்ளதையும் எக்ஸ்ப்ளோரர் வழியாகத் திறந்தால் மட்டுமே அது தடுக்கும்; கமாண்ட் பிராம்ப்டில் பெயரை அடித்தால் நேராகத் திறக்கும். பயனர் பகுதியில் எழுதியதால் அந்த ஒரு கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும், அடுத்த கணக்கில் நுழைந்தால் எதுவுமே இல்லை. இதைவிட மோசம், எல்லோரும் பயன்படுத்தும் அந்தக் கணக்கையே அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். உட்காருகிற யாரும் அந்தக் கீயை அழித்துவிடலாம். இதற்குப் பெயர் பூட்டாம், விலை பதினெட்டாயிரம்!

கேட்டால் முதலில் “ரீஸ்டார்ட் பண்ணுங்க”. அடுத்து “பெயரை மாத்துறது யூசர் செய்யுற தப்பு, எங்க பொறுப்பு இல்ல”. மூன்றாம் முறை “அட்வான்ஸ் பேக்கேஜ்ல ஆப்லாக்கர் போட்டுத் தரோம்” என்று ஏதோ செய்தார். எந்த புரோகிராம் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று விதி எழுதும் விண்டோஸின் சொந்த வசதிதான் ஆப்லாக்கர். விதிகள் எல்லாம் எழுதியிருக்கின்றன, ஆனால் அவற்றை அமல்படுத்தும் அப்ளிகேஷன் ஐடென்டிட்டி சர்வீஸ் ஓடவே இல்லை. அது ஓடாவிட்டால் ஆப்லாக்கர் விதி ஒன்றுகூட வேலை செய்யாது. விண்டோஸ் 10 முதல் அதை சர்வீசஸ் ஜன்னலில் ஆட்டோமேட்டிக் ஆக்க முடியாது. நிர்வாகி கமாண்டிலோ குரூப் பாலிசியிலோதான் மாற்ற வேண்டும். அதைச் சுட்டிக்காட்டிய பிறகு பதில் நின்றுவிட்டது. இணையதளத்தில் ‘வேலை முடிந்தது’ என்று புகாரையும் மூடிவிட்டார்கள். பதினெட்டாயிரத்தில் ஒரு காசு திரும்பவில்லை.

இந்தப் பூட்டைச் சரியாக எப்படிச் செய்வது என்று முழுதாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இவற்றையாவது பாருங்கள்.

தடைப் பட்டியலா, அனுமதிப் பட்டியலா என்று முதலில் கேளுங்கள். தடைப் பட்டியல் சொன்னதை மட்டும் தடுக்கும், அனுமதிப் பட்டியல் சொன்னதை மட்டும் ஓடவிடும். தடைப் பட்டியல் என்றால் வேண்டாம். பணம் கொடுக்கும் முன், தடுத்த கோப்பைப் பெயர் மாற்றியும், பென்டிரைவிலிருந்தும் உங்கள் கையாலேயே ஓட்டிப் பாருங்கள். பொதுக் கணக்கு சாதாரணப் பயனராக இருக்க வேண்டும். ஆப்லாக்கரின் டிஃபால்ட் விதிகள் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு எல்லாவற்றையும் அனுமதிக்கும். அந்த டிஃபால்ட் விதிகள் இல்லாமல் அமல்படுத்திவிடாதீர்கள், விண்டோஸின் சொந்த புரோகிராம்களே நின்றுபோகும். ஒரு வாரம் ‘ஆடிட்’ நிலையில் (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்) விட்டு, விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 8003 எண்ணில் என்னென்ன விழுகிறது என்று பார்த்துவிட்டு அமலாக்குங்கள். அதன்பின் உண்மையில் தடுக்கப்பட்டவை 8004-இல் விழும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெம்ப், டாஸ்க்ஸ் இரண்டிலும் சாதாரணப் பயனரும் எழுதலாம், டிஃபால்ட் விதி அவற்றையும் அனுமதித்துவிடும். அந்த இரண்டையும் விதிவிலக்கில் போடச் சொல்லுங்கள்.

முன்பணம் மட்டும் முழுசாகக் கொடுக்காதீர்கள்.