கெயினை எங்கே வைப்பது? சிவப்பின் விளிம்பு, மைனஸ் 12, 32 பிட் ஃப்ளோட்

வீட்டில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வைத்து ரெக்கார்டு செய்பவர்களிடம் கெயினை, அதாவது மைக்கின் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்பதை, எங்கே வைப்பது என்று கேட்டால் மூன்று விதமான பதில் வரும். சிவப்பு எரியாத வரைக்கும் ஏற்று என்பார் ஒருவர். மேலே நிறைய இடம் விடு, பீக் (சத்தத்தின் உச்சம்) மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்பார் இன்னொருவர்; டிஜிட்டல் மீட்டரில் மேல் எல்லை பூஜ்ஜியம், அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். பூஜ்ஜியத்தைத் தாண்டிய சத்தத்தையும் கோப்பில் எழுதும் 32 பிட் ஃப்ளோட் கருவி வாங்கிவிடு, கெயின் குமிழே வேண்டாம் என்பார் மூன்றாமவர். என் ஓட்டு இரண்டாமவருக்கு. ஆனால் மற்ற இருவர் சொல்வதிலும் காரணம் இல்லாமல் இல்லை.

முதல் பழக்கம் டேப் காலத்தில் பிறந்தது. டேப்பில் எப்போதும் ஒரு 'ஸ்ஸ்' இரைச்சல் இருக்கும். சத்தத்தை அதற்கு மேலே தூக்கிப் பதிந்தால்தான் பாட்டு தெளிவாகக் கேட்கும். கொஞ்சம் அதிகமானாலும் டேப் மெதுவாகத்தான் நசுக்கும், சில சமயம் அதுவே கேட்க நன்றாகவும் இருக்கும். பிறகு வந்த 16 பிட் டிஜிட்டல் கருவிகளில் இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் நடுவே கணக்குப்படி கிடைத்தது சுமார் 96 டெசிபல். அதில் 20 டெசிபலை ஹெட்ரூமுக்கு, அதாவது மேலே விடும் காலி இடத்துக்கு, விட மனசு வராதுதான்.

இன்றைய 24 பிட்டில் அந்தக் கணக்கு 144 டெசிபல். சிக்னலை எண்களாக மாற்றும் நிஜ கன்வெர்ட்டர்கள் அவ்வளவு தருவதில்லை. ஓரளவு நல்ல இன்டர்ஃபேஸில் 110 முதல் 120 வரை கிடைக்கும், அதுவே தாராளம். உங்கள் அறையை யோசித்துப் பாருங்கள். ஃபேனை நிறுத்தினாலும் ஃபிரிட்ஜ் முனகும், தெருவில் ஆட்டோ போகும். பாடுபவரின் குரலுக்கும் இந்தச் சத்தத்துக்கும் நடுவே ஐம்பது அறுபது டெசிபல் இடைவெளி இருந்தாலே பெரிய விஷயம். கன்வெர்ட்டரின் இரைச்சல் அதற்கும் வெகு கீழே கிடக்கிறது. கெயினை 6 டெசிபல் ஏற்றினால் குரலோடு ஃபிரிட்ஜும் அதே 6 டெசிபல் ஏறும். சுத்தம் கூடாது, ஆபத்து மட்டும் கூடும்.

டிஜிட்டலில் பூஜ்ஜியம் என்பது சுவர். அதைத் தொட்டதும் அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும். மிருதங்கத்தில் இது நன்றாகத் தெரியும். மீட்டர் சாதுவாக ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு சாப்பு விழும், சராசரியைவிடப் பதினைந்து டெசிபல் மேலே ஒரு முள் எழும்பும். அது வெட்டுப்பட்டால் சரிசெய்யும் ப்ளக்-இன்கள் (ரெக்கார்டிங் மென்பொருளோடு சேர்க்கும் துணை மென்பொருள்கள்) உண்டு, ஆனால் அவை போடுவது ஊகம்தான்.

இரண்டாவது வழியில் எல்லோரும் சொல்லும் எண் மைனஸ் 18. ஐரோப்பிய ஒலிபரப்பு யூனியன் தன் அளவுகோல் சிக்னலை அங்கேதான் வைத்தது, அமெரிக்கர்கள் மைனஸ் 20-இல் வைத்தார்கள். பழைய அனலாக் கருவிகளைப் போலச் செய்யும் ப்ளக்-இன்கள் பலவும் சிக்னல் இந்த அளவில் வரும் என்று எதிர்பார்க்கின்றன. அதிகமாக அனுப்பினால் நீங்கள் கேட்காமலேயே கரகரக்கும். ஆனால் மைனஸ் 18 என்பது சராசரி, பீக் அல்ல. குரலுக்கும் வயலினுக்கும் அது பொருந்தும். மிருதங்கத்தின் சராசரியை அங்கே கொண்டுவந்தால் சாப்பு மைனஸ் 3-ஐத் தொட்டுவிடும். தாள வாத்தியத்துக்குச் சராசரியை மறந்துவிட்டுப் பீக்கை மட்டும் பாருங்கள், மைனஸ் 10, 12 போதும்.

ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும். பழைய இன்டர்ஃபேஸில் குமிழை முழுக்கத் திருகினாலும் மெல்லிய குரல் மைனஸ் 20-ஐ எட்டாமல் போகலாம். பரவாயில்லை, அப்படியே பதிந்து பிறகு ஏற்றிக்கொள்ளலாம்.

நடுவில் ஒரு சமரசமும் உண்டு. ஃபோகஸ்ரைட் 2023-இல் கொண்டுவந்த நான்காம் தலைமுறை ஸ்கார்லெட் 2ஐ2, 4ஐ4 இரண்டிலும் ஆட்டோ கெயின் இருக்கிறது. பத்து வினாடி பாடினால் அளவைத் தானே வைத்துக்கொள்ளும். ஆனால் அந்தப் பத்து வினாடி என்ன பாடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழ் ஷட்ஜத்தில் முனகிவிட்டு, பிறகு மேல் ஸ்தாயியில் ஏறினால் அது என்ன செய்யும்? அதற்குத்தான் கிளிப் சேஃப், எல்லை நெருங்கும்போது கெயினைக் குறைத்துவிடும். தனியாகப் பேசிப் பதிவுசெய்யும் பாட்காஸ்ட்காரருக்கு அருமை. பாட்டில் பல்லவி ஒரு அளவிலும் சரணம் வேறு அளவிலும் நிற்கும், நடுவில் ஒரு வரியைத் திரும்பப் பாடி ஒட்டும்போது அது உறுத்தும். நான் அணைத்துத்தான் வைப்பேன். முதலிலேயே உச்சத்தில் வரும் வரியைப் பாடச் சொல்லி அதற்கு மைனஸ் 12 வைத்தால் போதும். ரெக்கார்டிங் என்றதும் எல்லோரும் ஒத்திகையைவிடச் சத்தமாகத்தான் பாடுவார்கள், அந்த மிச்சத்துக்கு இடம் இருக்கும்.

சரி, 32 பிட் ஃப்ளோட். ஜூம் எஃப்6, சவுண்ட் டிவைசஸ் மிக்ஸ்ப்ரீ இரண்டாம் தலைமுறை இரண்டும் 2019-இல் வந்து இதைப் பிரபலமாக்கின. பொதுவாக ஒரே உள்ளீட்டுக்கு இரண்டு கன்வெர்ட்டர்கள் இருக்கும், ஒன்று மெல்லிய சத்தத்துக்கு, மற்றது பெரிய சத்தத்துக்கு. இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக எழுதும். பூஜ்ஜியத்தைத் தாண்டிப் போனாலும் பிறகு கீழே இறக்கினால் அலை முழுசாக இருக்கும். 1,500 டெசிபல் என்று விளம்பரத்தில் வருவது கோப்பின் கணக்கு, மைக்கின் திறன் அல்ல. மைக் திணறினால் எந்த பிட்டும் காப்பாற்றாது.

இங்கே பலர் குழம்பும் இடம் ஒன்று. சாதாரண 24 பிட் இன்டர்ஃபேஸை வைத்துக்கொண்டு, மென்பொருளில் மட்டும் 32 பிட் ஃப்ளோட்டைத் தேர்ந்தெடுத்தால் கன்வெர்ட்டரில் வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான்.

சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரமும் தவிலும் பதியப் போகிறீர்களா? ஒத்திகை கேட்க முடியாது, தவில் எப்போது பக்கத்தில் வரும் என்றும் தெரியாது. அங்கே 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். வீட்டு அறையில் அதே பணத்துக்கு நல்ல மைக் ஒன்றும் கனமான திரைச்சீலையும் வாங்குவேன். அப்புறம், கெயின் குமிழே இல்லாத ஜூம் யுஏசி-232 போன்ற இன்டர்ஃபேஸில் உள்ளீடு இரண்டுதான். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் தனித்தனி ட்ராக்கில் பதிய நினைப்பவருக்கு அது போதாது.